பிரேக்கில் கிடந்த கால்

கார் ஓட்டப் படிப்பிக்கிறவனுக்கு வாய் பெரிதாக இருக்க வேண்டும், கால் சும்மா இருக்க வேண்டும். வாய்க்கு எனக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. காலைச் சும்மா வைத்திருப்பதுதான் வேலை. எங்கள் காரில் இடது பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. படிக்கிறவர் வலது பக்கம் இருந்து ஸ்டியரிங் வளையத்தைப் பிடிப்பார். நான் இடது பக்கம் இருந்து, வலது காலை அந்தப் பிரேக்குக்கு மேலே தொடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் போய் வருவேன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் என் வசவைக் கேட்டுப் படித்தவர்கள். அவர்கள் யாரையும் இடிக்காமல் தேறியதற்கு என் வாய்தான் காரணம் என்று நினைக்கிறார்கள். காரணம் என் கால்.

அந்தக் காலில்தான் வந்தது. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஒரு தேமல், வெளிறி, வறண்டு, மயிர் உதிர்ந்து போய். படர்தாமரை என்று நானே தீர்மானித்து ஒரு டியூப் வாங்கித் தேய்த்தேன். அசையவில்லை. பிறகு ஒரு வைத்தியர் எண்ணெய் தந்தார். அதில் பாதியை என் முண்டு குடித்தது. ஒருநாள் பொழியூர் ரோட்டோரம் இறங்கி நின்றபோது, படிக்க வந்த பெண், "சாரே, காலுல எறும்பு கடிக்குது" என்றாள். குனிந்து பார்த்தேன். தேமலின் நடுவில் ஒரு கட்டெறும்பு தலையைப் புதைத்துக்கொண்டு தொங்கியது. எனக்குக் கடி உறைக்கவே இல்லை. எறும்பைத் தட்டிவிட்டேன். பயத்தை அப்படித் தட்டிவிட முடியவில்லை.

எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. சொந்த ஊர் அறியக்கூடாத காரியத்தை எல்லை தாண்டிப் போய்ச் செய்வோம். தமிழ்நாட்டுக்காரர்கள் லாட்டரிச் சீட்டு வாங்க இங்கே வருவார்கள். நாங்கள் கல்யாணத்துக்குப் பூ வாங்கவும், சொல்லக் கூசுகிற நோய்க்கு மருந்து வாங்கவும் அங்கே போவோம். களியக்காவிளையைத் தாண்டிவிட்டால் நம்மை யாருக்கும் தெரியாது என்று இரண்டு பக்கத்துக்காரர்களும் நம்புகிறோம். இத்தனைக்கும் இரண்டு பக்கமும் ஒரே பேச்சு, பாதி வீடுகளில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. ஆனாலும் நம்பிக்கை என்றால் நம்பிக்கை.

நானும் தாண்டினேன். அக்கரை ஆஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவில் ஒரு டாக்டர் இருந்தார். இளம் பெண், வடக்கே எங்கேயோ பிறந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, "கண்ண மூடிக்கோங்க. நான் எங்க தொடறேனோ அங்க விரல் வெச்சுக் காட்டுங்க" என்றார். எத்தனையோ பேரை டெஸ்டுக்கு அனுப்பியவன், அன்றைக்கு நானே டெஸ்டுக்கு உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கெட்டிக்காரனைப்போல விரலை வைத்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் கையிலிருந்த பஞ்சை மேசையில் வைத்திருந்தார். தேமலின் நடுவில் அவர் தொட்ட ஒன்றைக்கூட நான் காட்டவில்லையாம். முழங்காலுக்கு வெளிப்பக்கம் விரலை உருட்டி ஒரு நரம்பைத் தேடிப் பிடித்தார். அது கயிறு மாதிரித் தடித்திருந்தது. அப்போது அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்ததை நான் பார்த்தேன். ஐம்பது தாண்டிய வயதில் என்னைக் கண்டு ஒரு படித்த பெண் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

நோய் குஷ்டம். அவர் தொழுநோய் என்று மரியாதையாகச் சொன்னார். பேரை மாற்றினால் நோய் மாறிவிடாது. சந்தோஷத்துக்குக் காரணத்தையும் அவரே சொன்னார். இந்த நோய்க்கு இரண்டு முனை உண்டாம். ஒரு முனையில் உடம்பு கிருமியைக் கண்டதும் சண்டைக்குப் போகும், நோய் ஒன்றிரண்டு தேமலோடு அடங்கிவிடும். மறு முனையில் உடம்பு கிருமியைக் கண்டுகொள்ளவே செய்யாது, அது மேலெல்லாம் குடியேறும். நான் இரண்டுக்கும் நடுவில் இருந்தேன். "ஒங்க ஒடம்பு இன்னும் முடிவு பண்ணல. எந்தப் பக்கம் வேணாலும் நகரும்" என்றார். நடுரோட்டில் நிற்பவனுக்கு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

அந்த நடு வகையைத்தான் அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மருந்து தொடங்கிய பிறகு நடு வகைக்காரர்கள் சிலருக்கு உடம்பு திடீரென்று விழித்துக்கொண்டு சண்டை போடுமாம். கிருமி நரம்புக்குள் ஒளிந்திருப்பதால் அடி நரம்புக்கும் விழும். யாருக்கு அப்படி வரும் என்பதை வருமுன்னே ரத்தத்திலிருந்தும் தோலிலிருந்தும் கண்டுபிடித்துவிட முடியுமா என்பதே அவர் தேடல். அதற்காகத் தேமலிலிருந்து துளித் தோலும் கொஞ்சம் ரத்தமும் கேட்டார். ஒருவேளை சண்டை வந்தால் அப்போதும் ஒரு துளி. கண்டுபிடித்தாலும் அது எனக்குப் பிரயோசனப்படாது, பின்னால் வருகிறவர்களுக்குத்தான் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். பஸ்ஸில் துண்டு போட்டு வேறொருவருக்கு இடம் பிடித்துக் கொடுக்கிற வேலை. சம்மதித்தேன்.

புறப்படும்போது அவர் என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "தேமல் செவந்து வீங்கினாலோ, கால்ல பலம் கொறஞ்சாலோ அன்னிக்கே வரணும். இங்க வர முடியலன்னா பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. அதுக்கு மாத்திரை எல்லா எடத்துலயும் இருக்கு. கால் போச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது." நான் தலையாட்டினேன். எங்கள் காரில் ஏறும் எல்லோரும் முதல் நாள் என்னிடம் ஆட்டுவார்களே, அதே ஆட்டம்.

வெளியே வந்தால் வராந்தா பெஞ்சில் என் பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், சபைக் கமிட்டியில் உண்டு, வாரம் தவறாமல் முன்வரிசை. என்னைக் கண்டதும் எழுந்து, "எலே மக்கா, நீ என்னத்துக்கு இஞ்ச?" என்றார்.

"மச்சினனப் பாக்க வந்தேன் அண்ணே. நீங்க?"

"நானும் ஒரு சொந்தக்காரனப் பாக்கத்தான்."

அந்த நேரம் பார்த்து நர்ஸ் கதவைத் திறந்து அவர் பேரைக் கூப்பிட்டாள். கூடவே என்னைப் பார்த்து, மாத்திரை அட்டையை மறந்துவிட்டீர்களே என்று நீட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் அட்டையைப் பார்த்தோம். அன்றைக்கு ஒரே பஸ்ஸில், முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக, களியக்காவிளை வரைக்கும் தெரியாதவர்களைப்போல வந்தோம். அதற்குப் பிறகு எங்களைப்போல நெருங்கிய சிநேகிதர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை.

அவருடையது முதல் முனை நோய். ஒரே ஒரு தேமல், மருந்தும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அனுபவஸ்தர் என்பதால் என் நோய்க்கும் அவரே அதிகாரி ஆனார். மாத்திரை தின்றால் மூத்திரம் சிவக்கும், பயப்படாதே என்றார். சரியாக இருந்தது. மேல் கறுக்கும் என்றார். கறுத்தது. "என்ன இப்பிடி கறுத்துப் போனிய?" என்று என் மனைவி கேட்டபோது, வெயில் என்று சொன்னேன். காருக்குள் இருக்கிறவனுக்கு என்ன வெயில் என்று அவள் கேட்கவில்லை. இரண்டு விஷயத்தில் சரியாகச் சொன்னவரை மூன்றாவது விஷயத்திலும் நம்புவதுதானே மனித இயல்பு.

மருந்து தொடங்கி மூன்று நான்கு மாதம் இருக்கும். தேமல் சிவந்தது. ஓரமெல்லாம் தடித்து, பணியாரம் போலப் பொங்கியது. முண்டைத் தூக்கி பக்கத்து வீட்டு அண்ணனிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக் குனிந்து பார்த்து, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"மக்கா, ரெச்சப்பட்டுட்ட. மருந்து பிடிச்சாச்சு. உள்ள கெடந்த தீனத்த வெளிய தள்ளுதாக்கும்."

இதை அவர் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எண்ணெய் தேய்த்துத் தடித்தால் நல்லது, கசாயம் குடித்துச் சொறி வந்தால் நல்லது. உள்ளே இருந்தால் நோய், வெளியே வந்தால் குணம். தலைமுறை தலைமுறையாக நாங்கள் அப்படிக் குணமாகிக்கொண்டே இருக்கிறோம். டாக்டர் சொன்னது எனக்கு ஓர்மையில் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் சொன்னது கெட்ட சிவப்பு, இது நல்ல சிவப்பு என்று நான் பிரித்துக்கொண்டேன். நல்ல செய்தி சொல்ல எதற்கு ஒரு டாக்டரைப் போனில் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய வேண்டும்? பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், அங்கே போன விவரம் ஆஷா சேச்சிக்கு வரும். வீடு வீடாக வருகிற அந்தச் சுகாதார ஊழியர் எங்கள் அடுத்த தெருக்காரி. அவள் அறிந்தால் ஊர் அறியும். எல்லையைத் தாண்டி ஒளித்துவைத்ததை வாசலில் கொண்டுவந்து காட்டுவதற்கா நான் பஸ் ஏறிப் போனேன்? அன்றைக்கு அண்ணனும் நானும் பொரித்த மீனும் கப்பைக் கிழங்கும் தின்று கொண்டாடினோம்.

அதன் பிறகு சின்னச் சின்ன சள்ளைகள். சாயங்காலமானால் முழங்காலின் வெளிப்பக்கம் குத்தும். நடக்கும்போது வலது செருப்பு மட்டும் கழன்று பின்னால் கிடக்கும். திரும்பிப் போய் மாட்டிக்கொள்வேன். "செருப்பு தேஞ்சாச்சு மக்கா" என்றார் அண்ணன். புதிது வாங்கினேன். அதுவும் கழன்றது. புதுச் செருப்பு பழகும்வரை அப்படித்தான் என்றார்.

அதே சமயத்தில் படிக்க வருகிறவர்களின் தரமும் திடீரென்று குறைந்துபோனது. எல்லாரும் கிளட்சைத் தப்பாக விட்டார்கள். நேரான ரோட்டில் போய்க்கொண்டிருக்கும் கார் சும்மா திணறும், குலுங்கும், நின்றுவிடும். பின்னால் வருகிற லாரிக்காரன் ஆரன் அடித்துத் திட்டுவான், நான் படிக்கிறவரைத் திட்டுவேன். ஒரு நர்ஸ் அழுதுவிட்டாள். ஒரு பேங்க்காரர் கதவைத் திறந்து இறங்கி உதியன்குளங்கரையிலிருந்து நடந்தே போனார். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மெக்கானிக் எல்லாம் பார்த்துவிட்டு, இஞ்சினுக்கு ஒன்றும் இல்லை, பிரேக் மட்டும் இப்படித் தேய்ந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டான். "படிக்கதுக அப்பிடி" என்றேன்.

என் மனைவிக்கு ஓட்டப் படிப்பிக்க மாட்டேன் என்று பல வருஷமாகச் சொல்லிவந்தேன். எங்கள் வீட்டில் ஒரு சண்டைக்காரன் போதும் என்பது என் எண்ணம். அவள் என்னிடம் கேட்காமலேயே போய் லேர்னர்ஸ் எடுத்து வந்து, ஒருநாள் காலையில் காரின் பக்கத்தில் நின்றாள். ஏற்றாமல் என்ன செய்ய? கொஞ்ச நாளில் வளையம் அவள் சொன்னபடி கேட்டது. பொழியூர்ப் பக்கம் கூட்டிப் போனேன். அங்கே கடல் ரோட்டைக் கடித்துத் தின்றுகொண்டே வருவதால், நாங்கள் வண்டி திருப்பும் இடம் ஆண்டுக்காண்டு கிட்டே வருகிறது. அதற்குச் சற்று முன்னால் கார் திணறி நின்றது.

"எட்டி, கிளட்ச பைய விடுன்னு எத்தன தடவ சொல்லியாச்சு! காதுல என்ன வச்சிருக்க?"

அவள் அழவில்லை. சாவியைத் திருப்பி எடுத்தாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். பிறகு என் பக்கம் குனிந்து கீழே பார்த்தாள்.

"கால எடுங்க."

"எந்தக் கால?"

"ஒங்க காலத்தான். பிரேக்குலயாக்கும் கெடக்குது."

பார்த்தேன். செருப்பு கழன்று ஓரமாகக் கிடந்தது. என் வலது பாதம் விரல்கள் தொங்கிப்போய், தன் முழுப் பாரத்தையும் பிரேக்கின்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தது. வேறு யாருடைய காலோ போல இருந்தது. தூக்கு என்று மனசுக்குள் சொன்னேன். முழங்கால் உயர்ந்தது, பாதம் உயரவில்லை. இன்னொரு தடவை பல்லைக் கடித்துச் சொன்னேன். அது கேட்கவில்லை. நர்ஸ் அழுதது, பேங்க்காரர் நடந்துபோனது, லாரிக்காரன் திட்டியது எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் நின்றது. இத்தனை நாளும் ஒவ்வொரு காரையும் நிறுத்தியது நான். யாராவது அவசரத்துக்குப் பிரேக் வேண்டும் என்று என்னை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துப் பிரேக்கிலிருந்து எடுத்து வைத்தேன்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குஷ்டம் என்ற சொல்லை வாயிலிருந்து எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். முடித்த பிறகு, "அறிவேன்" என்றாள்.

"என்னத்த அறிவ?"

"அண்ணனுக்கு அந்தத் தீனம்னு அக்கரையிலிருந்து எழுதி வந்து, ஆஷா சேச்சி அடுத்தடுத்த வீட்டுக்கெல்லாம் மாத்திரை கொண்டுவந்தா. வராம இருக்கதுக்குள்ள மாத்திரை. நீங்க வீட்டுல இல்ல, நான் அப்பளே முழுங்கியாச்சு. பின்னே நீங்களும் அந்தத் தீனத்துக்குள்ள மாத்திரை அட்டைய அரிசிப் பானைக்குப் பொறத்த ஒளிச்சு வச்சா, அரிசி எடுக்கவ காணாமலா இருப்பா?"

"அப்பளே என்னட்ட கேட்டா என்ன?"

"நீங்க சொல்லுவியன்னு இருந்தேன். காலு இப்பிடி ஆனது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா..." அவள் முடிக்கவில்லை. குனிந்து என் செருப்பை எடுத்துக் காலில் மாட்டினாள்.

நோய்ச் செய்தி எங்களைவிட வேகமாக எல்லையைத் தாண்டி வந்து, எல்லார் வீட்டு வாசலிலும் ஏறி இறங்கிப் போயிருக்கிறது. அறியாதவர்கள் என்று சொன்னால் அண்ணனும் நானும் மட்டும்தான். ஊருக்குத் தெரியக்கூடாது என்று நான் காலைக் கொடுத்துக் காப்பாற்றிய ரகசியம் அதுதான்.

அன்றைக்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை தொடங்கினோம். யாரும் என்னை வேடிக்கை பார்க்கவில்லை. மறுநாள் அக்கரைக்கு. டாக்டர் தேமலைப் பார்த்ததும் அதே பழைய பிரகாசம் முகத்தில் வந்தது. "ஒங்க ஒடம்பு முடிவு பண்ணிடுச்சு. சண்டை போடுது. நல்ல பக்கமா நகர்ந்திருக்கீங்க" என்றார். பிறகு பாதத்தைத் தூக்கச் சொன்னார். நான் தூக்கியது அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அது அசையவில்லை. பிரகாசம் அணைந்தது. "எப்ப செவந்தது?" என்று கேட்டார். சொன்னேன். கொண்டாடியதைச் சொல்லவில்லை. அவர் என் பாதத்தைக் கையில் எடுத்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். "அன்னிக்கே வந்திருந்தா தைரியமா சொல்லியிருப்பேன். இப்ப பாப்போம்னுதான் சொல்ல முடியும்" என்றார். இரண்டாவது துளித் தோலை எடுத்துக்கொண்டார். அவருடைய ஆராய்ச்சிக்கு நான் கச்சிதமான ஆள். நோயில் ஜெயித்து, காலில் தோற்றவன்.

மாதக்கணக்கில் மாத்திரை தின்றேன். முகம் உருண்டது, பசி பேயாகப் பிடித்தது. சபையில் எல்லாரும் நான் நன்றாகத் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். அண்ணன் மட்டும் என் காலைப் பார்ப்பதில்லை, வேறு எங்கேயாவது பார்த்துக்கொண்டு பேசுவார். என்னிடம் படித்துக்கொண்டிருந்தவர்களை வேறொரு டிரைவிங் பள்ளிக்கு அனுப்பினேன். என் மனைவியும் அங்கேயே படித்து, முதல் தடவையிலேயே டெஸ்டில் ஜெயித்தாள். தினமும் காலையில் பாதத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, "தூக்குங்க" என்பாள். முதலில் பெருவிரல் அசைந்தது. பிறகு பாதம் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். ஒருநாள் டாக்டர் என் பாதத்தை அழுத்திப் பார்த்து, "நல்லா வந்திருக்கு. இனி வேலைக்குப் போலாம். ஆனா சீக்கிரம் களைச்சுப்போகும், பாத்துக்கோங்க" என்றார். நான் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தேன் என்று என் மனைவி இப்போதும் சொல்வாள்.

முதலில் ஏறியது புதிதாகப் படிக்க வந்த ஒரு பெண். முதல் நாள் படிக்கிறவருக்கு வளையமும் ஆக்சிலேட்டரும் மட்டும்தான், கிளட்சும் பிரேக்கும் என் பொறுப்பு. ஆகவே பிரேக் பிடித்தால் அது நான் பிடித்ததுதான். பாறசாலையிலிருந்து புறப்படும்போது என் மனைவியிடம், ஸ்கூட்டரில் பின்னால் வந்து காரின் பிரேக் லைட்டைப் பார்த்துக்கொண்டே வா என்று சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அந்தப் பெண் நன்றாகவே பிடித்தாள். ஒரு இடத்தில் பஸ் நின்றது, பிரேக்கை அழுத்தினேன், நின்றோம். பஸ் புறப்பட்டது, புறப்பட்டோம். பாலத்தைத் தாண்டினோம். அமரவிளை வந்ததும் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். மனசு லேசாக இருந்தது. அன்றைக்கு ஒரு தடவைகூட நான் திட்டவில்லை.

இறங்கிப் பின்னால் போனேன். என் மனைவி ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"லைட்டு எரிஞ்சுதா?"

"பஸ்ஸு நின்ன எடத்துல எரிஞ்சுது."

"அது செரிதான். பின்னே?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் எரிஞ்சுது."

பாலத்துக்கு அந்தப் பக்கம் நான் காலை அசைக்கவே இல்லை. ரோடு காலியாகக் கிடந்தது.

"ஒரு பட்டி குறுக்க சாடிச்சு" என்று ஒரு நாயின்மேல் பழியைப் போட்டேன்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினாள். என் முகத்தைப் பார்க்காமல், "ஆமா, நானும் கண்டேன்" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருந்தால் நடுரோட்டில் நின்று சண்டை போட்டிருப்பேன். நான் அப்படிப்பட்டவன்தான். அவள் கண்டேன் என்று சொல்லிவிட்டாள். இல்லாத நாயை அவளும் கண்டுவிட்டாள் என்றால், பிரேக்கில் கிடந்தது என் கால்தான். ஸ்கூட்டரை அங்கேயே பூட்டிவைக்கச் சொல்லி, காருக்குப் போய், அந்தப் பெண்ணைப் பின் இருக்கைக்கு மாறச் சொல்லிவிட்டு, சாவியை என் மனைவியின் கையில் கொடுத்தேன்.